முதலில் தண்ணீர், அப்புறம் மருந்து: கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொளத்தூரில் வண்ணமீன் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,



நாய்க்கும் பூனைக்கும் உடம்பு சரியில்லை என்றால் தூக்கிக்கொண்டு ஓட மருத்துவமனை இருக்கிறது. தங்கமீன் துடுப்பைச் சுருட்டிக்கொண்டு தொட்டியின் அடியில் படுத்துவிட்டால் சென்னைக்காரர்கள் வருவது உங்கள் கல்லாவுக்குத்தான். கைப்பேசியில் எடுத்த கலங்கலான படத்தைக் காட்டி, "அண்ணே, என்ன மருந்து போடணும்?" என்று கேட்கிறார்கள். நீங்கள் படத்தைப் பார்க்கிறீர்கள், அலமாரியிலிருந்து ஒரு நீல மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறீர்கள். பாதி பேர் இரண்டு நாள் கழித்து வேறு மீன் வாங்க வருகிறார்கள். மீதிப் பேர் வருவதே இல்லை. காலித் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது.

இந்த மடல் அந்த இரண்டு நாளைப் பற்றியது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் இந்த ஊரின் மீன் வைத்தியர்கள் நீங்கள்தான். அதனால் உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: மருந்து பாட்டிலை எடுப்பதற்கு முன்னால், "தண்ணி எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அதோடு நிற்காமல், அந்தத் தண்ணீரைச் சோதித்தும் பாருங்கள்.

மீன் சீக்கிரம் சாகும் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. அது போதாதென்று வாஸ்து வேறு. எட்டு சிவப்பு, ஒன்று கறுப்பு என்று ஒன்பது மீனை ஒன்றரை அடித் தொட்டியில் போட்டுக் கூடத்து மூலையில் வைக்கிறார்கள். ஒன்று செத்தால், "வீட்டுக்கு வர இருந்த கண்டம் அதோட போச்சு" என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். கண்டம் எதுவும் வரவில்லை. ஒன்பது மீனின் கழிவை அந்தத் தண்ணீரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். தங்கமீன் ஒழுங்காக வளர்த்தால் 10, 15 ஆண்டு இருக்கிற உயிர். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு சந்தை விளையாட்டில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்கமீன் 1999-ல்தான் செத்தது. 43 ஆண்டு. வாங்கிக்கொண்டு போகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதி பேர் நம்ப மாட்டார்கள்.

நீங்கள் அறியாததில்லை, ஆனாலும் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். தங்கமீன் கெண்டை இனம். அதற்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும். எந்நேரமும் தின்னும், எந்நேரமும் கழியும். கழிவில் பெரும்பகுதி அம்மோனியா. அது செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்; மீன் செத்துக்கொண்டிருக்கும். "தண்ணி சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒருவகை நுண்ணுயிர் வேண்டும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட் ஓரளவு தாங்கிக்கொள்ளக்கூடியது, தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம்வரை ஆகும். நம் ஆட்களோ தொட்டி, கல், மோட்டார், ஆறு மீன் எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், அன்று மாலையே எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் மீன் சோர்ந்துபோகிறது. அதற்குப் பெயர் நோய் இல்லை. அது விஷம். நீல மருந்துக்கு அதில் வேலை கிடையாது. தண்ணீரை விட்டுவிட்டு மீனுக்கு மருந்து போடுவது, மழையில் நின்றுகொண்டே தலை துவட்டுவதுபோலத்தான்.

அடுத்தது நம் ஊர்த் தண்ணீர். சென்னை வீடுகளில் தொட்டிக்குப் போவது மூன்று வகை: மெட்ரோ, போர், கேன். மூன்றுக்கும் மூன்று குணம்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், கிருமியைக் கொல்லத்தான் போடுகிறார்கள். அது ஃபில்டரில் இருக்கும் நல்ல நுண்ணுயிரையும் கொல்லும், மீனின் செவுளையும் அரிக்கும். வாளியில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு ஒருநாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் குளோரின் முறிப்பான் சில சொட்டு போதும். அந்தச் சின்ன பாட்டிலை மீனோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.

போர் தண்ணீர் உப்பு, அது மீனுக்கு ஆகாது என்று பலர் பயப்படுகிறார்கள். தங்கமீனைப் பொறுத்தவரை இது தலைகீழ். கடினநீர் அதற்குப் பிடித்தமானது. கால்சியமும் கார்பனேட்டும் உள்ள தண்ணீரில் பி.எச். நிலையாக நிற்கும். கடல் ஓரத்தில் உவர்ப்பு மிகுந்த கிணறுகள் வேறு கதை. மற்றபடி சாதாரண போர் தண்ணீரை ஒரு ராத்திரி காற்றோட்டமாக வைத்திருந்தால் போதும்.

உண்மையில் பயப்பட வேண்டியது கேன் தண்ணீருக்கு. "நாங்க குடிக்கிற தண்ணியே ஊத்துறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆர்.ஓ. இயந்திரம் கனிமத்தையெல்லாம் உருவி எடுத்துவிட்ட தண்ணீர் அது. அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது தண்ணீரில் உள்ள கார்பனேட்டையும் செலவழிக்கின்றன. கேன் தண்ணீரில் செலவழிக்க ஒன்றுமில்லை. சில வாரங்களில் பி.எச். மளமளவென்று சரிந்து 6-க்குக் கீழே போகும். அந்தப் புளிப்பில் நுண்ணுயிர்களும் வேலையை நிறுத்திவிடும்.

இங்கேதான் உங்கள் கடையில் அடிக்கடி கேட்கிற ஒரு புகாருக்கு விடை இருக்கிறது: "ஆறு மாசம் தண்ணியே மாத்தல, நல்லாத்தான் இருந்துச்சு. நேத்துதான் மாத்தினேன், இன்னிக்குக் காலைல எல்லாம் செத்துப்போச்சு." அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று மீனை அதிகம் பாதிக்காது, மற்றொன்று கொடிய விஷம். எது எவ்வளவு என்பதைப் பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருக்கும்போது, பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 என்றால் 7 சதவீதம். 8.5 என்றால் 20 சதவீதம். ஆறு மாதம் மாற்றாத தொட்டியில் அம்மோனியா குவிந்திருக்கும், ஆனால் பி.எச். சரிந்திருப்பதால் அது அடங்கிக் கிடக்கும். அதில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு பி.எச். 8 உள்ள போர் தண்ணீரை ஊற்றினால், மிச்சமிருக்கும் அம்மோனியாவில் விஷ வடிவத்தின் பங்கு ஒரேயடியாக ஏறிவிடுகிறது. தண்ணீர் மாற்றியது தப்பில்லை. ஆறு மாதம் மாற்றாமல் விட்டு, ஒரே நாளில் மாற்றியதுதான் தப்பு. அப்படிப்பட்ட தொட்டியில் தினம் ஒரு வாளி என்று பல நாள் பிரித்து மாற்றச் சொல்லுங்கள்.

கவரில் கட்டிக் கொடுக்கும் மீனுக்கும் இதே கணக்குதான். ஆக்சிஜன் கவரில் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், கழிவும் சேர்ந்திருக்கும். வீட்டில் கவரின் வாயைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் மிதக்கவிட்டால் வாயு பறந்து, பி.எச். ஏறி, அந்தக் கழிவு விஷமாகிறது. கட்டியபடியே கால் மணி நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் திறந்து, மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். கவர் தண்ணீர் கழுநீர்த் தொட்டிக்குப் போகட்டும். கவரைக் கையில் கொடுக்கும்போது இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

இனி நோய்களுக்கு வருவோம். எல்லாமே தண்ணீர்தான் என்று நான் சாதிக்கவில்லை. நிஜமான நோய்களும் இருக்கின்றன. ஆனால் எது எது என்று பிரித்துப் பார்க்க, தண்ணீரின் கணக்கு முதலில் தெரிய வேண்டும்.

மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கினால் முதலில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், செவுள் சிவப்பு மாறி பழுப்பாகத் தெரியும். இதற்கு முதலுதவி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே நுழைவதைத் தடுக்கும். இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். 50 கிராம் போதும். கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது என்பதையும் சொல்லிவிடுங்கள். தண்ணீர் வற்றினால் உப்பில்லாத தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் கைக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே போகும்.

மே மாதம் என்றால் வெறும் ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கலாம். தங்கமீன் குளிர் பிரதேசத்து மீன். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊரில் தங்கமீனுக்கு ஹீட்டர் விற்பது வீண். இன்னொரு ஏர் பம்ப் விற்றால் புண்ணியம்.

உடம்பில் திடீரென்று கறுப்புத் திட்டு வந்தால் பயந்துபோய் வருவார்கள். அம்மோனியா சுட்ட இடம் ஆறும்போது அப்படிக் கறுப்பதுண்டு. மீன் தேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மருந்து போட்டு மறுபடி நோகடிக்கக் கூடாது.

தலைகீழாக மிதக்கும் மீன் பெரும்பாலும் ஒரண்டா, ரியூகின் போன்ற குண்டு உடம்புக்காரர்கள். அழகுக்காக நாம் உடம்பைச் சுருக்கியதில் உள்ளுறுப்புகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மிதக்கும் தீனியைக் காற்றோடு சேர்த்து விழுங்கினால் சமநிலை போய்விடும். இரண்டு மூன்று நாள் பட்டினி, பிறகு தோலுரித்து வேகவைத்த பச்சைப் பட்டாணி, அதன் பிறகு மூழ்கும் தீனி. பெரிய மீன் ஒரு வாரம் தின்னாமல் இருந்தாலும் சாகாது. தீனி அதிகமாகிச் சாகும்.

வெண்புள்ளி நோய்க்கு மருந்து தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. அது உதிர்ந்து, அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தக் கூடாது, மேலும் சில நாள் தொடர வேண்டும். இதைச் சொல்லாமல் பாட்டில் விற்றால், அடுத்த வாரம் மீனெல்லாம் உப்புத் தூவியதுபோல் ஆகிவிட்டது என்று திரும்பி வருவார்கள். இன்னொன்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்: இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் வெள்ளைப் புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். அது நோயே இல்லை, மாப்பிள்ளைக் கோலம். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் அதற்கும் மருந்து போகிறது.

மருந்துகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மெத்திலீன் புளூ என்ற அந்த நீல மருந்து நல்ல மருந்துதான், தனி டப்பில் போட்டால். முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரின் நுண்ணுயிர்களையும் கெடுக்கும். ஏற்கெனவே அம்மோனியாவில் தவிக்கும் மீனுக்கு இருந்த ஒரே துணையும் போய்விடும். நோயாளி மீனுக்கு ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், தினம் பாதித் தண்ணீர் மாற்றம்: இதுதான் வைத்தியசாலை.

இரண்டாவது, மனிதர்களின் மருந்துக் கடையில் வாங்கி உடைத்துப் போடும் டெட்ராசைக்ளின் மாத்திரை. இது பரவலாகிவிட்டது, சில இடங்களில் கடைக்காரர்களே சொல்லியனுப்புகிறார்கள். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். நம் போர் தண்ணீரில் போட்டால் தண்ணீர் மஞ்சளாகும், நுரை வரும், மீனுக்குள் போகிற மருந்து சொற்பம். மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்ப்பதுதான் மிச்சம். அந்தத் தண்ணீரில்தான் குழந்தைகள் கைவிட்டு விளையாடுகிறார்கள்.

இதையெல்லாம் விளக்கிச் சொன்னால் வியாபாரம் என்னாவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடகை, மின்சாரக் கட்டணம், வழியில் சாகும் மீன் எல்லாம் உங்கள் தலையில்தான் விடிகிறது. 2017-ல் மத்திய அரசு வண்ணமீன் கடைகளுக்கென்று விதிகளை அறிவித்தபோது எழுந்த பதற்றமும் உங்களுக்கு மறந்திருக்காது. எதிர்ப்புக்குப் பிறகு அவை திரும்பப் பெறப்பட்டன. ரோம் நகரில் 2005-ல் தங்கமீனை உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைப்பதையே தடை செய்தார்கள். வெளியிலிருந்து வரும் சட்டம் தொழிலின் நெளிவு சுளிவு தெரியாமல்தான் வரும். அது வருவதற்கு முன்னால் தொழிலில் இருப்பவர்களே வரைமுறை வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. மீன் மூன்று முறை செத்த வீட்டில் நான்காம் முறை தொட்டியில் செடி நட்டுவிடுவார்கள். மீன் மூன்று ஆண்டு வாழ்ந்த வீட்டிலோ தீனி வாங்குவார்கள், பெரிய தொட்டி வாங்குவார்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிவருவார்கள். மருந்து பாட்டில் விற்கும் இடத்தில் சோதனை கிட் விற்றாலும் லாபம்தான்.

ஆகவே நான் கேட்பவை நான்கு.

ஒன்று, கல்லாப் பக்கத்தில் ஒரு சோதனை கிட் வையுங்கள். நோய் என்று வருபவரிடம், ஒரு சின்ன பாட்டிலில் தொட்டித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், இந்த நான்கையும் அவர் கண் முன்னாலேயே பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சோதனைக்குக் கட்டணம் வாங்கினாலும் தப்பில்லை.

இரண்டு, புதுத் தொட்டியும் மீனும் ஒரே நாளில் விற்காதீர்கள். அப்படி விற்றே ஆக வேண்டுமென்றால், உங்கள் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒரு துண்டு வெட்டிக் கொடுங்கள். நோயில்லாத தொட்டியின் ஸ்பாஞ்சாக இருக்கட்டும். காசு கொடுத்தாலும் கிடைக்காத நுண்ணுயிர் அதில் இருக்கிறது. அதைக் குழாயடியில் கழுவாதே, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசு என்றும் சொல்லியனுப்புங்கள்.

மூன்று, உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் விற்பதை நிறுத்துங்கள். ஐந்து லிட்டர் தண்ணீரில் எந்தக் கெட்டிக்காரனாலும் தங்கமீனை நல்லபடி வைத்திருக்க முடியாது. வாஸ்துவுக்கு ஒன்பது கேட்பவரிடம், இரண்டடித் தொட்டிக்கு ஒன்று, மிஞ்சினால் சிறிதாக இரண்டு என்று சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால் எடுபடும்.

நான்கு, கும்பலாக மீன் சாகும்போது ஊகத்தில் மருந்து மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் மாதவரத்திலும் பொன்னேரியிலும் இருக்கின்றன. உங்கள் சங்கத்தின் வழியாக அவர்களைக் கூப்பிட்டு, கடைப் பையன்களுக்கு ஒருநாள் பயிற்சி கேளுங்கள். நுண்ணோக்கியில் ஒரு செவுளைப் பார்த்தவன் அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட்டில் எடுக்க மாட்டான்.

இந்த நான்கையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். முதலாவதை மட்டுமாவது இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள். அடுத்து வருபவர் கைப்பேசிப் படத்தை நீட்டும்போது, "படம் இருக்கட்டும், தண்ணி கொண்டாந்தீங்களா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளன்